கடாரத்துக் கரையோரம் ஒரு நாள்

உங்கள் வீட்டில் "எங்காவது ஒரு நாள் போய்விட்டு வரலாமே" என்று பேச்சு எழுந்தால் எந்த ஊரின் பெயர் முதலில் வருகிறது? பினாங்கு, பத்துமலை, கேமரன் மலை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் லங்காவி. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கெடா மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர், நம் வாசலிலிருந்து பத்துப் பதினைந்து கட்டைத் தூரத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறோம்? மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று, திரும்பி ஜெராய் மலையைப் பார்த்திருக்கிறோமா? உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். உள்ளூர்ச் சரித்திரமும் அப்படித்தான்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஏற்பாட்டில் நாங்கள் 42 பேர் அந்தக் கரையோரத்துக்கு ஒரு பஸ்ஸில் போய் வந்தோம். அந்த ஒரு நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்களும் போக வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

முதலில் எதிர்ப்பு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். "டீச்சர், தலைக்கு 35 வெள்ளி வாங்கி இடிஞ்ச கல்லைக் காட்டப் போறீங்களா? அதே காசுக்குப் பிள்ளைகளைப் பினாங்குல தண்ணி விளையாட்டுக்குக் கூட்டிப் போகலாமே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் 35 வெள்ளி சின்னக் காசு அல்ல. பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு இலவசம், மிச்சத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று முடிவானது. பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எதிர்ப்புச் சொன்ன தகப்பனாரும் கடைசியில் பெயர் கொடுத்தார். மகள் விடவில்லையாம்!

வழிகாட்டியாக வந்தவர் மெர்போக் பக்கத்து மலாய் இளைஞர். பிள்ளைகள் அவரை "அபாங்" என்றே கூப்பிட்டார்கள். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, பெரியவர்களுக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். காலையில் பசியாறக் கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் பீடோங் தாண்டுவதற்குள் காலியாகிவிட்டது.

முதலில் இறங்கிய இடம் சுங்கை பத்து. இறங்கியதும் பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம்தான் தெரிந்தது. நாம் தினமும் பார்க்கிற அதே செம்பனை மரங்கள்! அவற்றுக்கு நடுவே கூரை போட்ட குழிகள், செங்கல் தரைகள், மண்மேடுகள். "கோபுரம் எங்கே டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டேவிட்டான்.

அபாங் பொறுமையாக விளக்கினார். 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தவை பொற்குவியல்கள் அல்ல. இரும்பு உருக்கிய உலைகள்! கி.பி. முதல் நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்புத் தொழில் நடந்திருக்கிறது. மண்ணால் உலை கட்டி, கரியும் இரும்புத் தாதும் அடுக்கி, களிமண் குழாய் வழியாகக் காற்றை ஊதி, தீயை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்தும் உடையாமலும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பக்கத்திலேயே படகுத்துறை. இன்று தண்ணீரே இல்லாத இடத்தில் படகுத்துறையா என்று நீங்கள் வியக்கலாம். அன்று அகலமாக ஓடிய ஆறு நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படிந்து தூர்ந்துபோய், நிலமாகி, கடைசியில் தோட்டமாகிவிட்டது. நம் மக்கள் இவ்வளவு காலமும் ஒரு பழைய துறைமுகத்தின் தலைமேல் நடந்து வேலை செய்திருக்கிறார்கள்!

அங்கேதான் எங்கள் பாட்டி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. உலைக்குழியை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இம்புட்டு இரும்பு உருக்கணும்னா எம்புட்டு மரம் வெட்டியிருக்கணும்? எம்புட்டுக் கரி சுட்டிருக்கணும்? அதையெல்லாம் யாரும்மா சுமந்தா?"

நான் மலாயில் திருப்பிச் சொன்னேன். அபாங் சற்றுத் தயங்கினார். இங்கு வருகிறவர்கள் "எந்த ராஜா?" என்றுதான் கேட்பார்கள், யார் சுமந்தார்கள் என்று இதுவரை தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்றார். "அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, நேனேக். ஆனால் அவர்கள் செய்த வேலை இதோ இருக்கிறது" என்று குழாயைக் காட்டினார். வாளி வாளியாகப் பால் சுமந்த பாட்டிக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்ததோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கோ அன்று முழுவதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அடுத்து மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம். ஜெராய் மலையின் அடிவாரம் அது. மரநிழலும் ஓடைச் சத்தமும் சேர்ந்து, வெயிலில் வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இங்கே 'சண்டி' என்று மலாயில் அழைக்கப்படும் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. வேறு இடங்களில் கிடைத்த சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து வந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். புக்கிட் பத்து பஹாட் கோயிலோ இதே இடத்தில் நின்றது. 1936, 37-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளரும் அவர் மனைவியும் இப்பகுதியைத் தோண்டிப் பார்த்தார்கள். பிறகு 1959, 60-இல் அலஸ்டர் லாம்ப் என்பவர் இதை மீண்டும் எடுத்துக் கட்டினார். அஸ்திவாரத்தில் கல் பேழைகள் கிடைத்தன. அவற்றுக்குள் செம்புக் கலயம், மணிகள், பொன் வெள்ளித் தகட்டு உருவங்கள்! நாம் வீடு கட்டும்போது நிலைப்படிக்கு அடியில் ஒரு காசும் நவதானியமும் போடுகிறோம் அல்லவா? அந்த மனம்தான் இதுவும்.

அந்தக் கோயிலுக்குக் கருவறை போல ஒரு மேடையும், அதற்கு முன்னால் மண்டபம் போல ஒரு தளமும் இருக்கின்றன. தளத்தின் மேல் வரிசையாக, நடுவில் குழி வெட்டிய கற்கள். "இவை எதற்கு?" என்று அபாங் பிள்ளைகளைக் கேட்டார். விளக்கு வைக்க, தண்ணீர் ஊற்ற, மாவு இடிக்க என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் தோட்டத்தில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குனிந்து குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது தூண் நிக்கிற கல்லுடா. மரத்தை நேரா மண்ணுல நட்டா ரெண்டே வருசத்துல கறையான் தின்னுடும். ஈரமும் ஏறும். கல்லுமேல நிறுத்தினா நிக்கும். நம்ம பழைய லயத்துக்கும் அப்படித்தானே சிமெண்டுக் கட்டை குடுத்தோம்."

அபாங்கும் அதையே சொன்னார். கல் தளத்தின் மேல் மரத்தூண்கள் நின்றன. மேலே கூரை இருந்தது. மரமும் கூரையும் காலத்தில் மறைந்து கல் மட்டும் மிஞ்சியது. படித்த ஆய்வாளர்கள் அளந்து கண்டுபிடித்ததை ஒரு தோட்டத்துத் தச்சர் விரலால் தொட்டே சொல்லிவிட்டார் என்றதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு காட்சியகத்தில் எதைப் பார்த்தாலும் பையன்கள் அவரைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இதெல்லாம் நம்ம ராஜேந்திர சோழன் கட்டினதா?"

வாசகர்களே, இந்தக் கேள்வி உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். கடாரம் என்றதும் நமக்கு ராஜேந்திர சோழன் நினைவுதான் வரும். சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் படித்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

1025-ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் படையெடுத்தது. கடாரத்தையும் வென்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அதைச் சொல்கிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டமும் அதனால் வந்ததே. ஆனால் அந்தப் படை வென்று திரும்பிய படை. ஊர் அமைத்துத் தங்கிய படை அல்ல. இந்தக் கோயில்களை ராஜேந்திரன் கட்டினான் என்று சொல்வதற்குச் சான்று இல்லை. இந்தத் துறைமுகமோ அவனுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

பட்டினப்பாலை என்ற சங்க நூலில் 'காழகம்' என்ற பெயர் வருகிறது. அது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டளவில் புத்தகுப்தன் என்ற மாலுமி, தன் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று ஒரு கல்லில் எழுத்துப் பொறித்தான். அந்தக் கல்லை 1834-இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேயர் இங்கே தெற்கே, செபராங் பிறைப் பகுதியில் கண்டெடுத்தார். அது இன்று கல்கத்தா காட்சியகத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இட்சிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றார். ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்ப, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக விட்டான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இதைச் சொல்கின்றன. பாருங்கள், சண்டைக்கு முன்னால் இரு கரைக்கும் இருந்தது உறவு!

ஆகவே அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன்: "இங்கே வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். கடல் கடந்து தமிழரும் வங்காளத்தவரும் அரபியரும் சீனரும் வந்து போனார்கள். சாமியும் எழுத்தும் வியாபாரமும் கப்பலில் வந்தன. கல்லும் மண்ணும் கைவேலையும் இங்கே இருந்தன. எல்லாம் சேர்ந்துதான் இது. நாம்தான் கட்டினோம் என்று மார் தட்டவும் வேண்டாம். நமக்கு இதில் ஒன்றுமே இல்லை என்று தலை குனியவும் வேண்டாம்."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்போ கல்லு சுமந்தது யாரு டீச்சர்?" என்றாள். பாட்டியின் கேள்வி பேத்தி வயதுப் பிள்ளைக்குத் தொற்றிக்கொண்டது!

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தஞ்சோங் டாவாய். மெர்போக் ஆறு கடலைச் சேரும் மீனவர் கம்பம் அது. பஸ் கதவு திறந்ததுமே நெத்திலி காயும் வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், பெண்கள் பாதிப் பேர் சரித்திரத்தை மறந்து நெத்திலிக்கும் பெலாச்சானுக்கும் விலை பேசப் போய்விட்டார்கள். நானும் அரைக் கிலோ வாங்கினேன் என்பதை மறைப்பானேன்?

அங்கிருந்து எதிர்க்கரையான பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகில் போகலாம். சில நிமிடப் பயணம்தான். பஸ்ஸைச் சுற்றுவழியாக அனுப்பிவிட்டு நாங்கள் படகில் ஏறினோம். நடு ஆற்றில் அபாங் படகுக்காரரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, "எல்லாரும் பின்னால் திரும்பிப் பாருங்கள்" என்றார்.

அடேயப்பா! தோட்டத்துப் பெரட்டுக் களத்திலிருந்து தினமும் பார்க்கிற அதே ஜெராய் மலைதான். ஆனால் கடலிலிருந்து பார்த்தால் அது வேறு மலை. 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். சுற்றிலும் தட்டையான நிலம். நடுவே தனியாக எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைத் தாண்டி வாரக் கணக்கில் தண்ணீரையே பார்த்து வந்த மாலுமிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்! கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில் அந்த மலைதான் அடையாளம். மலையைக் கண்டால் ஆறு உண்டு, ஆறு இருந்தால் குடிநீரும் ஒதுங்க இடமும் உண்டு. அன்றைய கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. ஒரு காற்றில் வந்தவர்கள் திரும்பிப் போகும் காற்றுக்காக மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாளில் சந்தை நடந்தது, கோயில் எழுந்தது, ஊர் வளர்ந்தது.

பாட்டி படகு ஓரத்தில் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டார். "எங்கம்மா நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல்ல ஏறி வந்தவங்க. இந்தத் தண்ணியிலதான் வந்தாங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"இதே கடல்தான் பாட்டி. இங்கிருந்து கொஞ்சம் தெற்கே, பினாங்கில் இறங்கியிருப்பார்கள்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். கடாரத்து அரசர் விகாரம் கட்டியதும் நாகப்பட்டினம். நம் முன்னோர்கள் கங்காணியின் பின்னால் வந்து கப்பல் ஏறியதும் அதே நாகப்பட்டினம். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா, அதற்குப் பின்னால் வந்த சிதம்பரம் என்ற கப்பல்களின் பெயர்கள் நம் வீடுகளில் குடும்பத்து ஆட்களின் பெயர் போலப் புழங்கியவை. பினாங்குக்கு வந்தவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் தனியே வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். சோழன் வந்த கடல்வழியைப் பாடப் புத்தகம் சொல்கிறது. அதே வழியில் கப்பலின் அடித்தட்டில் வந்த நம் பாட்டன் பாட்டியைப் பற்றி எத்தனை புத்தகம் சொல்கிறது?

பந்தாய் மெர்டேக்காவில் பிள்ளைகள் அலையில் ஒரு மணி நேரம் ஆடினார்கள். தண்ணி விளையாட்டுக் கேட்ட தகப்பனாரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். கட்டணம் இல்லாத தண்ணி விளையாட்டு!

கடைசி இடம் கோத்தா கோலா மூடா. அங்கே சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆழிப்பேரலை அடித்த கரை அது. அலையில் சிதைந்த மீன்பிடிப் படகுகளையே அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். சுமத்ரா தீவு நமக்கு முன்னால் மறைப்பாக நின்றதால் மலேசியா ஓரளவு தப்பியது. ஆனாலும் நாடு முழுவதும் 68 உயிர்கள் போயின. அதே நாள், அதே கடல், எதிர்க்கரையில் நாகப்பட்டின மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. வாணிபத்தையும் வாழ்வையும் சேர்த்த கடல் துக்கத்தையும் இரு கரைக்கும் ஒரே நாளில் கொடுத்தது. பிள்ளைகள் அந்தப் படகுகளின் முன் யாரும் சொல்லாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

திரும்பும் வழியில், பஸ்ஸில், அபாங் ஒரு விஷயம் சொன்னார். 2013-ஆம் ஆண்டு இறுதியில் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்ட செய்தி அது. சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த சண்டி ஒன்று, ஆய்வாளர்கள் 11 என்று எண் கொடுத்திருந்தது, வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மழையையும் வெயிலையும் தாங்கி நின்றதை இயந்திரம் வழித்துத் தள்ளிவிட்டது.

"யாரும் கேட்கலையா?" என்று சத்தமாகக் கேட்டவர் யார் தெரியுமா? இடிந்த கல்லைப் பார்க்கக் காசா என்று கேட்ட அதே தகப்பனார்!

கேட்டார்கள்; பிறகுதான் கேட்டார்கள் என்றார் அபாங். அது தனியார் நிலம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாக அதைப் பதிவு செய்திருக்கவில்லை. பதிவில் இல்லாததால் காக்க வேண்டியது என்று ஒருவரும் கையை நீட்டித் தடுக்கவில்லை. நாடு முழுவதும் கண்டனம் எழுந்தபோது கோயில் இல்லை.

பஸ்ஸில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டத்தில் பழைய லயங்களில் இரண்டு வரிசை போன ஆண்டுதான் இடிக்கப்பட்டது. மிச்சமுள்ள வீடுகளுக்கும் நாள் குறித்தாகிவிட்டது என்று பேச்சு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வரப்போகிறது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகட்டும், நல்ல வீட்டில் இருக்கட்டும். அதை நான் மனமார விரும்புகிறேன். ஒழுகும் கூரையைப் புனிதம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் லயம் போகும்போது அங்கே வாழ்ந்தவர்களின் சுவடும் சேர்ந்து போகிறதே! ஆயாக் கொட்டகை இருந்த இடம், முதல் பள்ளிக்கூடம் நடந்த கொட்டகை, காளியம்மன் கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்கள், பெயர்ப்பலகை இல்லாத இடுகாட்டு மேடுகள், இவையெல்லாம் எந்தப் பதிவில் இருக்கின்றன? ஆயிரம் வருடத்துக் கோயிலுக்கே பதிவு இல்லை என்றால் அந்தக் கதி. நூறு வருடத்து லயத்தைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

யாரும்மா சுமந்தா என்று பாட்டி கேட்டாரே, இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றியும் அதைத்தான் கேட்பார்கள். இந்த நாட்டு ரப்பரை யார் வெட்டினார்கள், யார் சுமந்தார்கள் என்று. அப்போது பதில் சொல்ல ஒரு காகிதமாவது இருக்க வேண்டாமா?

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது, போய்ப் பாருங்கள். ஒரு பஸ் பிடித்தால் ஒரே நாளில் சுங்கை பத்து, மெர்போக் காட்சியகம், தஞ்சோங் டாவாய், பந்தாய் மெர்டேக்கா, கோத்தா கோலா மூடா எல்லாம் பார்த்துவிடலாம். போகும் முன் காட்சியகமும் அகழ்வு இடமும் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். வழிகாட்டி இல்லாமல் போனால் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும். வெயிலுக்கு முன் சுங்கை பத்துவை முடித்துவிடுங்கள்; அங்கே நிழல் குறைவு. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் வடக்கே கோலக் கெடா கோட்டையையும் பார்க்கலாம். 1821-இல் சயாமியர் வந்து பிடித்த கோட்டை அது. எங்கே போனாலும் உங்கள் வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கத்தி பிடித்த கைக்கும் உளி பிடித்த கைக்கும் புலப்படுவது படித்த நமக்குச் சில சமயம் புலப்படுவதில்லை.

இரண்டாவது, எழுதி வையுங்கள். பயணம் முடிந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள மூத்தவரைக் கேட்டு ஒரே ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். 23 பிள்ளைகள் எழுதி வந்தார்கள். ஒருவன் தாத்தாவின் பழைய சிவப்பு அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கொண்டுவந்தான். ஒருத்தி தன் பூட்டி எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் மரம் வெட்டினார் என்பதைப் படம் போட்டுக் காட்டினாள். தச்சுப் பெரியவரின் பேரன் லயம் கட்டும் முறையை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய, செய்தி அத்தனையும் சரி. அந்தப் பக்கங்களை ஒரு கோப்பில் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம். பள்ளி நாளை பட்டணத்துக்கு மாறினாலும் அந்தக் கோப்பும் கூடவே போகும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்று இரவு சோறு உண்ட பிறகு தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டு உங்கள் வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எங்கே இறங்கினார்கள், முதலில் எந்தத் தோட்டம், முதல் சம்பளம் எவ்வளவு? சொன்னதைச் சொன்னபடி எழுதி, அடியில் தேதியும் சொன்னவர் பெயரும் போட்டு வையுங்கள்.